தம் நூலைத் தாமே புகழ்ந்த கவிஞர்

1855-ஆம் ஆண்டில், நியூயோர்க்கை அடுத்த புரூக்ளினில், வால்ட் விட்மன் 'புல்லின் இதழ்கள்' என்னும் தம் கவிதை நூலைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். அச்செழுத்துக்களிற் சிலவற்றைத் தாமே கோத்தார். அச்சேறியவை 795 பிரதிகளே. வாங்கினோர் மிகச் சிலர். கவிஞர் வாளாவிருந்தாரில்லை. பெயரை மறைத்துத் தம் நூலைத் தாமே பாராட்டி மூன்று பத்திரிகைகளில் மதிப்புரை எழுதினார்! புலவன் தன்னைப் புகழ்வதற்கு நன்னூலார் சில இடங்களில் இசைந்தாரேனும், முகமூடிக்கு இசைந்தாரல்லர்.

அதனினும் பெரும் பிழை வேறொன்றுண்டு. பேரறிஞர் எமர்சன் அந்நூலைப் படித்து மகிழ்ந்து தனிப்படக் கடிதமொன்று வரைந்திருந்தார். அவர் இசைவைப் பெறாமலே விட்மன் அக்கடிதம் பத்திரிகையில் வெளிவரச் செய்தார். 1856-இல் வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில் அதன் வாசகமொன்றைப் பொன்னெழுத்தாற் பொறிப்பித்தார். எமர்சனுக்கு அது உவப்பாயில்லை. பொன்னெழுத்துப் பெற்ற அப்பதிப்பும் விலைபோகவில்லை.