ஆங்கிலப் பெயர்த்தொடரும் டு-வினையெச்சமும்

ஆங்கில இலக்கணத்தில், பெயர்த்தொடர் ஒன்றை அடுத்து "டு" என்னும் இடைச்சொல்லுடன் கூடிய வினையெச்சம் வந்து, அப்பெயர் சுட்டும் பொருளின் தன்மையை விளக்குவது உண்டு. "எ டிஃபிகல்ட் புக் டு ரீட்" என்பது இதற்கு எடுத்துக்காட்டாகும். இதன் பொருள் "படிக்கக் கடினமான நூல்" என்பதாகும். தமிழில் எச்சமும் அடையும் சேர்ந்து பெயருக்கு முன் நிற்கின்றன. ஆங்கிலத்திலோ அடை பெயருக்கு முன்னும், எச்சம் பின்னுமாகப் பிரிந்துவிடுகின்றன.

எழுவாயும் செயப்படுபொருளும்

நீல் ஆம்ஸ்ட்ராங் 1969 ஆம் ஆண்டில் நிலவில் கால் பதித்தார். அவரைக் குறிக்கும் "த ஃபர்ஸ்ட் மேன் டு வாக் ஆன் த மூன்" என்ற தொடரில், "மேன்" என்பதே நடத்தல் வினைக்கு எழுவாய். மேற்கூறிய நூல் தொடரில் நூல் செயப்படுபொருள். படிப்பவர் யார் என்பது சொல்லப்படவில்லை. வடிவம் ஏறத்தாழ ஒன்றே, உறவு வேறு. செயப்படுபொருள் பெயராக முன்னரே வந்துவிட்டதால், இறுதியில் "இட்" சேர்த்து "டு ரீட் இட்" என எழுதுவது பிழையாகும். டென்மார்க்கைச் சேர்ந்த ஒட்டோ யெஸ்பர்சன் இத்தகைய எச்சத்தைப் பின்னோக்கிச் செல்வது என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்.

நோம் சோம்சுக்கி 1964 இல் வெளியான நூலில் "ஜான் இஸ் ஈசி டு ப்ளீஸ்", "ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்" ஆகிய தொடர்களை ஒப்பிட்டார். முன்னதில் ஜான் எளிதில் மகிழ்விக்கப்படக்கூடியவர். பின்னதில் அவரே பிறரை மகிழ்விக்க ஆவலுள்ளவர். பெயர்த்தொடராக்கும்போது இவ்வேறுபாடு வெளிப்படுகின்றது: "ஆன் ஈசி மேன் டு ப்ளீஸ்" சரியான தொடர், "ஆன் ஈகர் மேன் டு ப்ளீஸ்" அவ்வாறன்று.

இதனைக் குழந்தைகள் எப்போது அறிகின்றனர் என்பதைக் கரோல் சோம்சுக்கி 5 முதல் 10 வயது வரையானவர்களிடம் ஆராய்ந்தார் (நூல் வெளியீடு: 1969). கண் கட்டப்பட்ட பொம்மையைக் காட்டி, அது பார்ப்பதற்கு எளிதா கடினமா எனக் கேட்கப்பட்டது. இளம் குழந்தைகள் பலர் பொம்மையையே பார்ப்பவராகக் கொண்டு, கடினம் என்றனர். கண்கட்டே அவர்களைத் திசைதிருப்பியிருக்கலாம் எனப் பின்னர் வந்த ஆய்வாளர் சிலர் கருதினர்.

முன்னிடைச்சொல்

தமிழ் மாணவர்கள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். "எழுத ஒன்றும் இல்லை" எனும் தமிழ்த்தொடர் எழுதுகோல், தாள், செய்தி ஆகிய எதன் இன்மையையும் குறிக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுகோல் இல்லையெனில் "நத்திங் டு ரைட் வித்", தாள் இல்லையெனில் "ஆன்", செய்தி இல்லையெனில் "அபௌட்" என முடிக்கவேண்டும். அதுபோலவே "எ ஹவுஸ் டு லிவ் இன்" (வாழ ஒரு வீடு) என்பதிலுள்ள "இன்" விடப்படலாகாது.

"டூ" என்னும் மிகைச்சொல் வரும்போது சொல்லொழுங்கும் மாறும். "டூ ஹெவி எ பாக்ஸ் டு லிஃப்ட்" (தூக்க முடியாத அளவு கனமான பெட்டி) என்பதில் அடைமொழி, "எ" என்னும் சுட்டிடைச்சொல்லுக்கும் முன்னே சென்றுவிடுகின்றது. இது பெரும்பாலும் எழுத்து வழக்கிலேயே காணப்படுகின்றது.