காரிக் குனாக் பார்லு தேசியப் பூங்கா

ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில், டார்வின் நகரிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 570 கி.மீ. தொலைவில், கோபர்க் தீபகற்பத்தையும் அதைச் சூழ்ந்த கடலையும் உள்ளடக்கிய பூங்கா இது. முதுகுடியினரும் அரசும் கூட்டாக நிர்வகிக்கும் பூங்கா என்ற ஏற்பாடு அந்நாட்டில் முதன்முதலில் இங்குதான் 1981-இல் சட்டமானது. எட்டுப் பேர் கொண்ட நிர்வாக வாரியத்தில் பாதிப் பேர் மண்ணின் மரபுவழி உரிமையாளர்கள். தலைவரும் அவர்களில் ஒருவரே. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் அவர் வாக்கே முடிவு செய்யும். 'கூட்டு' என்ற சொல்லுக்கு இங்கே உண்மையான எடை இருப்பது இதனால்தான்.

நினைத்தவுடன் புறப்பட்டுப் போகக்கூடிய இடமல்ல இது. முன்கூட்டியே அனுமதிச்சீட்டு பெற வேண்டும். ஒரே நேரத்தில் 20 பயணி வாகனங்களுக்கு மேல் விடுவதில்லை. மழைக்காலத்தில் பாதை மூழ்கிவிடுவதால், சாலைப் பயணம் மே முதல் அக்டோபர் வரை மட்டுமே. நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். வழியிலுள்ள கக்காடு தேசியப் பூங்காவின் எல்லையில், கேஹில்ஸ் கிராசிங் என்னும் தரைப்பாலத்தில் ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றைக் கடக்க வேண்டும். கடல் ஏற்றத்தின்போது பாலத்தின்மேல் வெள்ளம் ஓடும். மீனுக்காக முதலைகள் அங்கேயே காத்துக் கிடக்கும். ஓதநேர அட்டவணையைப் பாராமல் வண்டியை இறக்குவது மடமை. அக்கரையில் ஆர்னெம் லேண்ட். அது முதுகுடியினரின் சொந்த நிலம் என்பதால் சாலையை விட்டு விலகவோ வழியில் தங்கவோ கூடாது. பூங்காவில் ஸ்மித் முனையருகே கூடாரமிடலாம். கடல் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் உவர்நீர் முதலைகள் இருப்பதால் குளிக்க முடியாது.

கடல் அட்டை பிடிக்க ஆண்டுதோறும் இந்தோனேசியாவிலிருந்து பாய்மரக் கலங்களில் வந்த மக்காசர் மீனவர்கள் முகாமிட்ட கரைகளில் புளிய மரங்கள் இன்றும் நிற்கின்றன. பின்னர் 1838-இல் பிரிட்டிஷார் போர்ட் எசிங்டனில் விக்டோரியா குடியிருப்பை நிறுவினர். மறு ஆண்டே சூறாவளி அதைச் சிதைத்தது. காய்ச்சலும் தனிமையும் வாட்ட, 1849-இல் கைவிட்டுச் சென்றனர். கல் புகைபோக்கிகளும் கல்லறைகளும் எஞ்சியுள்ள அவ்விடத்துக்குப் படகில்தான் போக முடியும். பிரிட்டிஷார் அவிழ்த்துவிட்ட பான்டெங் மாடுகள் காட்டில் பெருகின. தாயகமான தென்கிழக்கு ஆசியாவில் அவ்வினம் அருகிவருவதால், அயலினமான இம்மந்தையை அழிப்பதா காப்பதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தீபகற்பத்தின் ஈரநிலங்கள் 1974-இல் ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகின் முதல் தலமாக அறிவிக்கப்பட்டன.