டோரதி டேயும் வீடற்றோரின் இல்லமும்

முன்னுரை

இல்லாதவருக்குக் கொடுப்பது ஒருவகையில் எளிது. சட்டைப்பையில் கையை விட்டு ஒரு நாணயத்தை எடுத்துப் போட்டுவிட்டு, தெருவோரம் படுத்திருப்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நம் வழியே போய்விடலாம். அதுவும் இரக்கம்தான். ஆனால் அவர் அருகில் உட்கார்ந்து, அவர் பேசி முடிக்கும்வரை கேட்க நம்மால் முடியுமா? அதற்கு இரக்கம் மட்டும் போதாது, தாழ்மையும் வேண்டும்.

கிறிஸ்தவ சமயம் இவ்விரண்டையும் சேர்த்தே போதிக்கிறது. இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. பசித்தவருக்கு உணவு கொடுப்பதும் அந்நியரை வீட்டில் ஏற்பதும் தமக்கே செய்ததாகும் என்று அவர் சொன்னதாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. ஆனால் போதனை வேறு, அதன்படி நாள்தோறும் வாழ்வது வேறு. இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க் நகரில் அப்படி வாழ முயன்ற ஒரு பெண்மணியைப் பற்றியதே இக்கட்டுரை.

இளமைக் காலம்

டோரதி டே 1897 நவம்பர் 8 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தை ஒரு பத்திரிகையாளர். குடும்பம் கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகரில் குடியிருந்தபோது, 1906 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் தாக்கியது. வீடிழந்தவர்கள் வளைகுடாவைக் கடந்து ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தனர். டோரதியின் தாயும் அக்கம்பக்கத்துப் பெண்களும் அவர்களுக்குச் சமைத்துப் போட்டனர், துணிமணிகளை எடுத்துக் கொடுத்தனர். எட்டு வயதுச் சிறுமியின் மனதில் அந்தக் காட்சி அழியாமல் பதிந்தது. ஆபத்து நேரத்தில் இவ்வளவு அன்பு காட்டும் மனிதர்கள், ஆபத்து நீங்கியதும் ஏன் பழையபடி ஆகிவிடுகிறார்கள்? அவர் வாழ்க்கை முழுவதும் இக்கேள்விக்குத் தேடிய பதில் என்றே சொல்லலாம்.

வளர்ந்தபின் அவர் நியூயார்க்கில் சோஷலிசப் பத்திரிகைகளில் எழுதினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடி 1917இல் சிறை சென்றார். அப்போது அவருக்குச் சமயத்தில் ஈடுபாடு இல்லை. மகள் பிறந்த மகிழ்ச்சியே அவரைக் கடவுளிடம் திருப்பியது. 1927 டிசம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றார். இதனால் குழந்தையின் தந்தையைப் பிரிய நேர்ந்தது. ஏழைகளுக்காகப் போராடிய பழைய தோழர்களையும் விட்டு விலகி வந்துவிட்டோமோ என்ற வருத்தம் அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது.

ஒரு சென்ட் பத்திரிகை

அது பொருளாதாரப் பெருமந்த காலம். 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வாடகை கொடுக்க முடியாத குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. நகரங்களின் ஓரங்களில் தகரத்தாலும் அட்டையாலும் ஆன குடிசைகள் முளைத்தன.

1932 டிசம்பரில் டோரதியைத் தேடி ஒருவர் வந்தார். பெயர் பீட்டர் மோரின், பிரான்சில் பிறந்தவர். கசங்கிய கோட்டும் பை நிறையப் புத்தகங்களுமாக வந்த அவரும் ஏறக்குறைய ஒரு நாடோடிதான்! ஆனால் திருச்சபையின் பழைய வரலாற்றை நன்கு கற்றவர். ஆதிக் கிறிஸ்தவர்கள் வழிப்போக்கர்களுக்காகத் தம் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கினார்கள், அது கிறிஸ்துவின் அறை, அந்த வழக்கம் திரும்ப வேண்டும் என்றார் அவர்.

1933 மே 1 அன்று 'கத்தோலிக் ஒர்க்கர்' பத்திரிகையின் முதல் இதழ் நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அச்சிட்டது 2,500 பிரதிகள், விலை ஒரு சென்ட். விருந்தோம்பலைப் பற்றி எழுதினால் போதுமா? வீடில்லாதவர்கள் அதைப் படித்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். இப்படித்தான் 'விருந்தோம்பல் இல்லம்' தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் பல நகரங்களில் இத்தகைய இல்லங்கள் தோன்றின. நியூயார்க்கின் மாட் தெருவில் இருந்த இல்லத்தின் முன் காலைதோறும் காப்பிக்கும் ரொட்டிக்குமாக நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றனர்.

இல்லத்தின் வழக்கங்கள்

தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்கே புதிதாக வருபவர் என்றுதான் பொருள். அந்த இல்லத்திலும் வந்தவர் விருந்தினர்தான், 'பயனாளி' அல்ல. அவரது கடந்த காலத்தைக் குடைந்து கேள்வி கேட்பதில்லை. ஜெபம் செய்தால்தான் சாப்பாடு என்ற நிபந்தனையும் இல்லை. இவர்கள் எத்தனை நாள் இங்கே தங்கலாம் என்று ஒரு சமூகப் பணியாளர் கேட்டபோது, சாகும்வரை தங்கலாம், செத்தால் நாங்களே அடக்கம் செய்வோம், அவர்கள் எங்கள் குடும்பம் என்ற கருத்தில் டோரதி பதில் சொன்னார்.

அவரும் அங்கேயே தங்கினார். நன்கொடையாக வந்த பழைய உடைகளையே அணிந்தார். இதை அழகான காட்சியாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம் நண்பர்களே! மூட்டைப்பூச்சி, குடிபோதையில் சண்டை, திருட்டு, துர்நாற்றம் எல்லாம் அங்கே இருந்தன. தமக்கு வரும் கோபத்தையும் சலிப்பையும் டோரதி தம் நாட்குறிப்புகளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

மூன்று நிகழ்ச்சிகள்

ஒருநாள் வசதியான ஒரு பெண் வைர மோதிரம் ஒன்றை நன்கொடையாகத் தந்தார். டோரதி அதை இல்லத்துக்கு வந்துபோகும் ஓர் ஏழை மூதாட்டிக்குக் கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் அவருக்கு வாடகை கட்டியிருக்கலாமே என்று உடனிருந்தவர் கேட்டார். விற்பதா, அணிவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும், வைரத்தைக் கடவுள் பணக்காரருக்கு மட்டுமா படைத்தார் என்பதே டோரதியின் பதில்.

1956இல் தீயணைப்பு விதிகளை மீறியதாக இல்லத்துக்கு 250 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நீதிமன்றத்துக்குப் புறப்பட்டபோது, வாசலில் ஆடை கசங்கிய ஒருவர் ஒரு காகிதத்தைக் கையில் திணித்தார். ஏதோ இரண்டரை டாலர் என்று எண்ணி நன்றி சொல்லிவிட்டு நடந்தார் டோரதி. பிறகு பார்த்தால் அது 250 டாலருக்கான காசோலை. கொடுத்தவர் புகழ்பெற்ற கவிஞர் டபிள்யூ. ஹெச். ஆடன்! டோரதி அவரையும் வரிசையில் நிற்கும் ஏழை என்றே நினைத்திருந்தார்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1952இல் ராபர்ட் கோல்ஸ் என்ற மருத்துவ மாணவர் டோரதியைக் காண வந்தார். அப்போது டோரதி, போதையில் பிதற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு மேசையில் அமர்ந்திருந்தார். பேச்சு நீண்டது. ஒருவழியாக முடிந்ததும் எழுந்து வந்த டோரதி, எங்கள் இருவரில் யாரோடு பேசக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்! பின்னாளில் பெரிய மனநல மருத்துவராக விளங்கிய கோல்ஸ், அந்தக் கேள்வி தம்மை எப்படி உலுக்கியது என்பதைப் பதிவு செய்திருக்கிறார். பெயர் பெற்ற தலைவியும் போதையில் இருந்த பெண்ணும் அந்தக் கேள்வியில் சமமாகிவிட்டார்கள்.

முடிவுரை

இதனால் வறுமை ஒழிந்துவிட்டதா என்று கேட்கலாம். ஒழியவில்லை. சூப்பு கொடுப்பதோடு நிற்கக் கூடாது என்பதை டோரதியும் அறிந்திருந்தார். அதனால்தான் தொழிலாளர் உரிமைக்காகவும் போருக்கு எதிராகவும் போராடினார். 1973இல், 75 வயதிலும், கலிபோர்னியாவின் விவசாயத் தொழிலாளர்களுக்காகக் கைதானார். 1980 நவம்பர் 29 அன்று நியூயார்க்கில் தம் இயக்கத்தின் இல்லம் ஒன்றிலேயே காலமானார். 2015இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய போப் பிரான்சிஸ், போற்றத்தக்க நான்கு அமெரிக்கர்களுள் ஒருவராக அவரைக் குறிப்பிட்டார்.

ஆனால் தம்மைப் புனிதர் என்று அழைப்பதை டோரதி விரும்பவில்லை. அதில் ஓர் உண்மை இருக்கிறது. ஒருவரைப் புனிதர் என்று உயரத்தில் வைத்துவிட்டால், அவர் செய்ததை நாம் செய்ய வேண்டியதில்லை என்று தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? அடுத்தமுறை நாணயம் போடும்போது நின்று முகத்தைப் பார்ப்போம். ஒரு வார்த்தை பேசுவோம். அதற்குப் புனிதராக இருக்க வேண்டியதில்லை.