நீலச் சிறகும் சீமைத் தொப்பியும்

ஓமலூரிலிருந்து தருமபுரி செல்லும் சாலையோரத்து மின்கம்பிகளில், மங்கிய மண்ணிறத்தில் ஒரு பறவை தனித்து அமர்ந்திருப்பதை நாம் கண்டிருப்போம். பனங்காடை என்பது அதன் பெயர். பெயரில் காடை இருப்பினும் இது காடை இனத்தைச் சேர்ந்ததன்று. அமர்ந்திருக்கும்வரை அதனை ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. வெட்டுக்கிளியொன்றைக் கண்டு சிறகை விரித்துவிட்டாலோ, கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாய் ஒளிர்கின்றன. நியூகினியின் சொர்க்கப் பறவையைப் படத்தில் கண்டு வியக்கும் நாம், நம் வயல்வெளியில் பறக்கும் இதனை மறந்துவிடுகிறோம்.

இந்நீலம் சாயமன்று. இறகினுள் அமைந்த நுண்ணிய கட்டமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் பிறக்கும் நிறம் அது. இறகை இடித்துத் தூளாக்கினால் நீலம் போய்விடும்!

அந்த நிறமே அதற்குப் பகையாயிற்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில், ஐரோப்பியச் சீமாட்டிகள் தொப்பியில் இறகு சூடுவதை நாகரிகமாகக் கொண்டனர். வெண்கொக்கு, மீன்கொத்தி, பனங்காடை எனப் பலவகைப் பறவைகளின் தோலும் இறகும் நம் நாட்டிலிருந்து கப்பலேறின. லண்டனில் அவை ஏலம் போயின. உழவனுக்கு உதவும் பறவை, ஊர்பேர் அறியாதவரின் தலையலங்காரத்துக்காக மடிந்தது.

1902ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்வேற்றுமதியைத் தடை செய்தது. தீக்கோழி இறகுக்கும் அறிவியல் மாதிரிகளுக்கும் மட்டும் விலக்களித்தது. ஆனால் பிரிட்டனில் இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் 1921இல்தான் நிறைவேறியது. ஒரு வாயில் அடைக்கப்பட்டது. மறு வாயிலோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திறந்தே கிடந்தது. கள்ளக்கடத்தல் வளர்ந்ததில் வியப்பென்ன? அச்சட்டம் வந்ததற்கும் பெண்களே பெருங்காரணம் என்பதை நாம் மறைத்தல் நேர்மையாகாது. 1889இல் மான்செஸ்டர் அருகே எமிலி வில்லியம்சன் என்னும் பெண்மணி, இறகு சூடுவதில்லை என்று தோழியருடன் உறுதி பூண்டு சங்கம் கண்டார்.

பின்னர் பறவையைத் தேடி வந்தோர் வேறு வகையினர். 1929இல் தொடங்கிய வெர்னே ஆய்வுக் குழுவினர், அன்றைய சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் மாதிரிகள் திரட்டினர். துப்பாக்கி அப்போதும் கையில் இருந்தது, நோக்கந்தான் மாறியிருந்தது. சுடாமலே பறவையை அறிந்து மகிழும் வழியைப் பொதுமக்களுக்குக் காட்டியது, 1941இல் வெளிவந்த சாலிம் அலியின் 'இந்தியப் பறவைகள்' நூல். சிறுவனாய்த் தாம் சுட்ட சிட்டுக்குருவி ஒன்றின் பெயரை அறிய விரும்பி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர் அவர்.

இன்று ஒடிசா, கர்நாடகம், தெலங்கானா ஆகிய மாநிலங்கள் பனங்காடையைத் தம் மாநிலப் பறவையாகக் கொண்டுள்ளன. நம் ஊர்ப் பக்கத்தில் அதன் தேவை சிறிது: பட்டுப்போன பனையின் பொந்து ஒன்று. செங்கற்சூளைக்கு விறகாகப் பனைகள் வீழ்ந்துகொண்டிருக்க, ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. பச்சைப் பனையைக் காக்க எழுந்த குரல், பட்ட பனைக்காக இன்னும் எழவில்லை.