இரண்டு பதிவேடுகள்

திருப்பரங்குன்றம் ஊராட்சி ஒன்றியத்துக் கீழக்குயில்குடியில் சமணமலை அடிவாரத்துக்குப் போனவர்கள் அந்தத் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் அய்யனார் கோயிலையும் மறந்திருக்க மாட்டார்கள். படியேறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அவர்களுக்குக் கீழே வட்டெழுத்து. இன்னும் மேலே போனால் மாதேவிப் பெரும்பள்ளி இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சமணத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் தமிழில் அதுதான் பெயர்.

ஆயிரம் ஆண்டுக்கு முன் பெரும்பள்ளி இருந்த இதே ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு பதிவேட்டைத் திறந்தது. 1911-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்கள்மீது பாய்ந்தபோது, 1914-லேயே அதில் சிக்கியது கீழக்குயில்குடி. நான்கு ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் முழுப்பேரும் அதற்குள் வந்தார்கள். ஒருவர் திருடினாரா இல்லையா என்ற கேள்வியே அந்தச் சட்டத்தில் கிடையாது. பிறந்த குடியே குற்றம். வயது வந்த ஆண்கள் பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். இரவானால் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ ஆஜராக வேண்டும். சம்பந்தி வீட்டுக்குப் போவதானாலும் சந்தைக்குப் போவதானாலும் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். இன்றும் அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் இதைக் குற்றப்பரம்பரைச் சட்டம் என்பதைவிட ரேகைச் சட்டம் என்றே சொல்கிறார்கள். சட்டத்தின் பெயரைவிட விரலில் பூசிய மைதான் நினைவில் நின்றிருக்கிறது.

ரேகை வைக்க மறுத்த ஊர் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திக் கொண்டுபோனார்கள்.

பள்ளிக்கூடக் கதை தொடங்குவதும் இதே காலத்தில்தான்.

துப்பாக்கியால் மட்டும் ஒரு சமூகத்தை ஆள முடியாது என்று சென்னை அரசு கண்டுகொண்டது. தொழிலாளர் நலத் துறையின் பொறுப்பில் கள்ளர் சீரமைப்புத் திட்டம் உருவானது. கூட்டுறவுச் சங்கம், ஊர்ப் பஞ்சாயத்து, கிணறு வெட்டக் கடன், தரிசு நிலம் என்று பல கிளைகள் இருந்தாலும் நிலைத்து வேர்பிடித்தது பள்ளிதான். கிராமத்துக்குக் கிராமம் தொடக்கப் பள்ளி, தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதி, மேலே படிக்கிறவர்களுக்கு உதவித்தொகை என்று அது விரிந்தது. நோக்கம் நல்லெண்ணம் மட்டுமல்ல. தகப்பனைச் சாவடியில் படுக்கவைத்துவிட்டு மகனைப் பெஞ்சில் உட்காரவைத்தால் அடுத்த தலைமுறை மாறும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ‘சீரமைப்பு’க்கு ஆங்கிலேயர் வைத்திருந்த ‘ரிக்ளமேஷன்’ (reclamation) என்ற சொல்லைப் பார்த்தாலே அது தெரியும். தரிசைத் திருத்தி விளைநிலமாக்குவதற்கும், கடலை விலக்கி நிலம் மீட்பதற்கும் எந்தச் சொல்லைப் புழங்கினார்களோ அதையே மனிதர்கள்மேலும் ஒட்டினார்கள்.

அந்தக் காலத்தில் உலகின் வேறு இடங்களிலும் அரசுகள் இப்படி நினைத்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1879-இல் தொடங்கிய கார்லைல் பள்ளி, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியைத் தடுத்தது. மதுரைக்கு மேற்கே நடந்தது முற்றிலும் அப்படியன்று. இங்கே பெரும்பாலான பள்ளிகள் சொந்த ஊரிலேயே எழுந்தன. காலையில் போன பிள்ளை மாலையில் தாயிடம் திரும்பியது, தமிழில் படித்தது, தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டது. பின்னாளில் மக்கள் இந்தப் பள்ளிகளைத் தங்கள் சொத்தாகப் பார்த்ததற்கு இந்த வேறுபாடே முதல் காரணம் என்று தோன்றுகிறது.

அப்பா பெயர் ஒரு பதிவேட்டில், மகன் பெயர் இன்னொரு பதிவேட்டில். இரண்டிலும் ஆஜர் எடுக்கிறார்கள். ஒரே அரசாங்கம், ஒரே வீடு. இந்த நிலை ஓர் ஆண்டு இரண்டு ஆண்டல்ல, கால் நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது.

முதல் பதிவேட்டை மூடவைக்க வெளியிலிருந்து வந்து போராடியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்து மதுரைக்கு வந்து குடியேறியவர். ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். ரேகைச் சட்டத்தை எதிர்த்து எழுதினார், பேசினார், பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடினார். கிராமத்து மக்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள், பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். 1938-இல் அவர் இறந்தபோது சட்டம் உயிரோடுதான் இருந்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரும் ப. ஜீவானந்தமும் அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. இந்தியா முழுவதும் நீங்க 1952 வரை ஆனது.

காவல் நிலையத்துப் பதிவேட்டை மூடினார்கள். பள்ளிப் பதிவேட்டை மூடவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிகள் சில நடுநிலையாகி, உயர்நிலையாகி, மேல்நிலையாயின. செக்கானூரணியிலும் விக்கிரமங்கலத்திலும் அரசு கள்ளர் மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. இன்று மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 பள்ளிகள். பெயரில் ஒரு சாதி இருந்தாலும் வகுப்பறையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கல்லூரிப் படிப்புக்கு மதுரைக்கு ஓட வேண்டியிருந்த குறையை, உசிலம்பட்டிச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த பி.கே. மூக்கையாத் தேவரின் முயற்சி தீர்த்தது. உசிலம்பட்டியில் கள்ளர் கல்விக் கழகம் நடத்தும் கல்லூரி அப்படி வந்தது. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், சீருடையும், சைக்கிளும் மற்ற அரசுப் பள்ளிகளைப் போலவே இங்கேயும் வந்தன. இவற்றுக்கு மேலே இந்தப் பள்ளிகளுக்கென்றே ஒரு தனி நிர்வாகம் உண்டு. கள்ளர் சீரமைப்பு இணை இயக்குநர் என்று மதுரையில் ஓர் அதிகாரி, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் கீழ் ஆசிரியர் பணியிடங்கள், விடுதிகள். சிறப்புத் திட்டம் என்பதற்கு இந்த வட்டாரத்தில் பொருள் இதுதான். வறண்ட புஞ்சையை நம்பிய ஊரில் நடந்துபோகும் தூரத்தில் ஒரு பள்ளி, அதற்கு மேல் படிக்க ஒரு விடுதி.

சொற்களும் மாறிவந்தன. குற்றப்பரம்பரையினர் என்ற பழிச்சொல் போய்ச் சீர்மரபினர் என்ற சொல் வந்தது. 1979-இல் தமிழக அரசு சீர்மரபுப் ‘பழங்குடியினர்’ என்பதைச் சீர்மரபு ‘வகுப்பினர்’ என்று மாற்றியது. அந்த ஒரு சொல்லுக்காக நாற்பது ஆண்டு மனுக்கொடுத்த பிறகு, 2019-இல்தான் இரண்டு வகைச் சான்றிதழும் பெறலாம் என்று ஆனது.

பள்ளியின் பெயரும் இப்போது வாதத்துக்கு வந்திருக்கிறது. பல துறைகளின் கீழ் இருக்கும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 மார்ச் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர்மீது நடந்த சாதிவெறித் தாக்குதலுக்குப் பிறகு அமைந்த நீதியரசர் கே. சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் கள்ளர் சீரமைப்பு போன்ற அடைமொழிகள் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் அரசு விடுதிகள் சமூகநீதி விடுதிகள் ஆயின. எந்தப் பிள்ளையும் சாதிப் பலகைக்குக் கீழே நின்று இறைவணக்கம் பாட வேண்டியதில்லை என்ற குழுவின் நியாயம் வலுவானது. உசிலம்பட்டிப் பக்கம் எழுந்த எதிர்ப்பையும் வெறும் சாதிப் பெருமை என்று தள்ளிவிட முடியாது. நிலம் ஊர்க்காரர்கள் கொடுத்தது, கட்டடத்தில் எங்கள் பொது நிதி இருக்கிறது, பெயர் போனால் நாளைக்கு ஒதுக்கீடும் போகும், பிள்ளைகள் குறைவென்று பள்ளியையே பூட்டுவார்கள் என்பது அவர்கள் அச்சம். பெயரை எடுப்பவர்கள் அந்த அச்சத்துக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். இணைப்பு என்ற சொல்லை இந்த ஊர்கள் சந்தேகத்தோடு கேட்பதற்கு நூறாண்டு அனுபவம் காரணம்.

எதிர்ப்பு மனுக்களில் பெயருக்கு அடுத்த வரியில் இன்னொரு கோரிக்கையும் தவறாமல் இருக்கிறது: காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.