நிறுப்பதும் முகப்பதும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நம் முன்னோர் அளவைகளை நான்காக வகுத்தார்கள். இவற்றுள் எடுத்தலும் முகத்தலும் நம் அடுப்படியில் நாள்தோறும் சந்திக்கின்றன. காய்கறியைக் கடையில் நிறுத்து வாங்குகிறோம். சமைத்த பின் கரண்டியாலும் கோப்பையாலும் முகந்து பரிமாறுகிறோம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போதுதான் கணக்கு இடறுகிறது. அந்தக் கணக்கின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

1010 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் படையல் பொருள்கள் அளவோடு பொறிக்கப்பட்டுள்ளன. அரிசிக்கு நாழி, நெய்க்கு ஆழாக்கு என்பன முகத்தலளவை. சர்க்கரைக்குப் பலம் என்பது எடுத்தலளவை. 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். எந்த மரக்கால் என்று குறிக்காவிட்டால், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வழக்கு வரும் அல்லவா?

படியும் உழக்கும் பழகிய நம் மக்கள் மலாயாவுக்கு வந்தபோது வேறு அளவைகளைக் கண்டார்கள். முகப்பதற்குச் சுப்பாக், கந்தாங். 4 சுப்பாக் ஒரு கந்தாங். ஆங்கிலேயர் ஆட்சியில் அது ஒரு கேலனுக்குச் சமம், அதாவது ஏறக்குறைய நாலரை லிட்டர். நிறுப்பதற்குத் தாகில், கட்டி, பிக்கல். 16 தாகில் ஒரு கட்டி, சுமார் 605 கிராம்; 100 கட்டி ஒரு பிக்கல். அரிசியைக் கந்தாங்கில் அளந்தார்கள். காய்கறியை டாச்சிங் என்னும் தூக்குக்கோலில் நிறுத்தார்கள்.

ஒரு கந்தாங் அரிசி ஏறத்தாழ 6 கட்டி எடை இருக்கும். அதே கந்தாங்கில் நெல்லை நிரப்பினால் எடை குறையும். உமி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அரிசிக்குச் சரியான கணக்கு நெல்லுக்குப் பொருந்தாது.

மலேசியாவில் 1972 ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் வந்தது. மெட்ரிக் முறை படிப்படியாக நிலைபெற்றது. கட்டியைக் கிலோவாக்க ஒரே பெருக்கல் போதும். கிலோவை லிட்டராக்குவது அப்படியல்ல. தண்ணீருக்குத்தான் ஒரு கிலோ ஒரு லிட்டர். மற்றவற்றுக்குப் பொருளுக்குப் பொருள் மாறும்.

சுமார் 240 மில்லிலிட்டர் கொள்ளும் கோப்பையை எடுத்துக்கொள்வோம். அதில் பச்சையாக நறுக்கிய பாயாம் கீரை ஏறக்குறைய 28 கிராம்தான் அடங்கும். வேக வைத்து நீர் வடித்த கீரையோ 132 கிராம் அடங்கும். வெந்த கேரட் துண்டுகள் 156 கிராம். மசித்த பூசணி 245 கிராம். கோப்பை ஒன்றே, எடை நான்கு விதம். இலை சுருங்குகிறது, துண்டுகளுக்கிடையே காற்று நிற்கிறது, மசியலில் இடைவெளியே இல்லை.

இதனால் நமக்கு என்ன? மலேசிய உணவு வழிகாட்டி, வெந்த கீரை அரைக் கோப்பையை ஒரு பங்கு எனக் கணக்கிடுகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று பங்கு காய்கறி வேண்டும் என்கிறது. பச்சைக் கீரையை அரைக் கோப்பை அளந்து வேக வைத்தால், பிள்ளையின் தட்டில் ஓரிரு கரண்டியே விழும். அரைக் கோப்பை வெந்த கீரைக்கு, பச்சையாக இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டும்.

வழி எளிது. வீட்டுக் கோப்பையில் வெந்த காயைத் தலைதட்டி நிரப்பி, ஒரே ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். கோப்பையின் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். காய்க்கு ஒரு வரியாக எழுதினால் போதும். அளவையோடு பொருளின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். தஞ்சைக் கல்வெட்டு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுதான்.