பேரும் கொந்தராத்தும்: சப்ரகமுவத் தோட்டங்களில் ‘யார் தொழிலாளி’ என்ற கேள்வியின் வரலாறு

ஒரே பெண், ஒரே மலை, ஒரே கூடை. கிழமை நாளில் அவள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்கெடுப்புக்கு, போகிறாள். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுகிறது. நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அதே மலையில் கைக்காசுக்குப் பறிக்கிறாள். கிலோவுக்கு இவ்வளவு என்று எடை பார்த்துக் காசு கொடுக்கப்படும். அந்த நாளின் உழைப்பு பெரும்பாலும் சேமலாப நிதிக் கணக்கில் ஏறுவதில்லை. முதல் நாளில் அவள் தொழிலாளி. இரண்டாம் நாளில் அவள் யார்?

இன்று பெருநகரங்களில் பார்சல் கொண்டுபோகும் சாரதியைப் பற்றி நீதிமன்றங்கள் கேட்கும் கேள்வியும் இதுதான். அவர் நிறுவனத்தின் ஊழியரா, தன் வண்டியில் தன் பொறுப்பில் ஓடும் சுயாதீனக் கொந்தராத்துக்காரரா? செயலிகள் வந்த பிறகே எழுந்த கேள்விபோல இது பேசப்படுகிறது. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் இதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. மழைக்கும் விலைச்சரிவுக்கும் நோய்க்கும் யார் கணக்கில் நட்டம் எழுதப்படுகிறது என்பதைப் பின்தொடர்ந்தால், அந்த வரலாறு துலங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத்தின் சரக்கை வெளியே கொண்டுபோனவர்கள் கூலிக்கு ஓடிய மாட்டுவண்டிக்காரரும் படகோட்டிகளும்தாம். களனி கங்கையிலும் களு கங்கையிலும் பாதைப் படகுகள் கடற்கரை நோக்கிச் சென்றன. களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை 1902இல் அவிசாவளையையும், 1912இல் இரத்தினபுரியையும் எட்டும்வரை இந்நிலை பெருமளவு நீடித்தது. காடு வெட்டும் வேலையும் அருகிலுள்ள சிங்களக் கிராமத்தவருக்குக் கொந்தராத்தாகவே போயிற்று. வண்டியும் மாடும் கத்தியும் அவர்களுடையவை. திரும்பிப் போக ஊரும் வயலும் இருந்தன. கூலி கட்டுப்படியாகாவிட்டால் அவர்களால் மறுக்க முடிந்தது. கொந்தராத்து என்ற சொல்லுக்கு நேர்மையான பொருள் இருந்த இடம் அது.

தோட்டத்துக்கு உள்ளே கதை வேறு. 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கின. தொழிலாளிக்கும் தோட்டத்தை நடத்திய துரைக்கும் இடையே பெரிய கங்காணி நின்றார். தென்னிந்தியாவிலிருந்து ஆள் திரட்டுவதும், முன்பணம் கொடுப்பதும், பெரட்டுக்கு ஆள் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இவரும் ஒரு கொந்தராத்துக்காரர்தான். ஆனால் துரையிடம் வாங்கிய முன்பணம், கப்பற்கூலி, வழிச்செலவு, அரிசி எல்லாம் ஆள்கட்டின், அதாவது அவர் கீழிருந்த தொழிலாளர் கூட்டத்தின், பேரில் கடனாக ஏறின. கங்காணியின் நட்டம் தொழிலாளியின் கடனாகவே போய் முடிந்தது.

இந்த ஏற்பாட்டின் ஆணிவேர் ‘துண்டு’. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆள்கட்டை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆள் தேவைப்பட்ட மற்றொரு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். புதிய தோட்டத்தில் கடன் மேலும் கூடும். கைமாறியது காசு, கடனோடு சேர்ந்து நகர்ந்தது மனிதக் கூட்டம். களனிப் பள்ளத்தாக்கில் இறப்பர் பரவி ஆட்தேவை ஏறியபோது போட்டி இன்னும் முற்றியது. தோட்டக்காரர் 1904இல் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவியதற்குக் கங்காணியை மட்டும் நம்பியிருந்த ஆட்சேர்ப்பின் செலவும் ஒரு காரணம். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதன் பிறகுதான் ‘பேர்’ என்ற சொல்லுக்கு உரிமையின் கனம் சேரத் தொடங்கியது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை வகுத்தது. 1929இல் தாழ்நாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40, பிள்ளைக்கு 30. அற்பத் தொகைதான், ஆயினும் தேயிலை விலை விழுந்தால் அந்தச் சுமையை முழுதாகத் தொழிலாளியின் தலையில் இறக்க முடியாது என்று சட்டம் சொன்னது. 1939இல் மகப்பேற்றுச் சலுகைச் சட்டம், 1941இல் சம்பள நிர்ணய சபைகள் சட்டம், 1958இல் ஊழியர் சேமலாப நிதி, 1983இல் பணிக்கொடை என ஒவ்வொன்றும் செக்ரோலில் பேர் உள்ளவரைத் தேடி வந்தது. நாட்சம்பளத்தில் ஆணும் பெண்ணும் சமமாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பேர் அறுந்தால் என்ன ஆகும் என்பதைக் கேகாலை மாவட்டத்தின் உந்துகொட காட்டியது. அங்குள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்காகச் சுவீகரித்தது. தொழிலாளருக்கு வேலைநீக்கமும் வெளியேற்ற அறிவித்தலும் சேர்ந்தே வந்தன. பிறந்து வளர்ந்த லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டை, விட்டுப் போக மறுத்தவர்கள்மீது குற்ற அத்துமீறல் வழக்கு. 1946இல் இதற்கெதிராக இலங்கை இந்தியக் காங்கிரஸ் நடத்திய வேலைநிறுத்தம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் பரவியது. வழக்கொன்று லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1950இல் தொழிலாளியின் விடுதலை உறுதியானது. தொந்தரவு செய்யும் எண்ணத்தில் ஒருவர் தன் வீட்டில் தங்குவதில்லை என்ற எளிய உண்மையை நிறுவ இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. தோட்டத்தில் வேலையும் கூரையும் ஒரே நூலில் கோத்தவை. நகரத்துக் கொந்தராத்துச் சாரதிக்கு இல்லாத இந்தப் பிணைப்பை மறந்து இரண்டையும் ஒப்பிடுவது தவறாகும்.

1992இல், இடையில் அரசுடைமையாகியிருந்த தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்தது. பலாங்கொடை, கேகாலை ஆகிய பேர்களிலேயே கம்பனிகள் உண்டு. தோட்டத்தைச் சுற்றியிருந்த உலகமும் அதற்குள் மாறியிருந்தது. சப்ரகமுவவில் சிறுதோட்டக்காரரின் தேயிலை பெருகி, கொழுந்து லொறி கிராமப் பாதைகளில் ஓடத் தொடங்கியது. லொறி ஒரு முகவருடையது. பல சிறுதோட்டங்களில் சாக்குகளை ஏற்றி, கொழுந்து வதங்கிக் கெடுமுன் தொழிற்சாலையில் சேர்ப்பது அவர் வேலை. பச்சைக் கொழுந்தின் விலைக்கு ஒரு சூத்திரம் உண்டு: விற்பனைத் தேறலில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. ஆனால் தராசில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பது எவ்வளவு என்பதில்தான் சச்சரவு எழும். சொந்த நிலம் உள்ளவர் அடுத்த லொறிக்கு மாறலாம். அந்த வழி பெருந்தோட்டத்தில் வாழ்பவருக்கு இல்லை.

‘அவுட்குரோவர்’, ‘வருமானப் பகிர்வு’ என்ற பேர்களில் இப்போது கம்பனிகள் முன்வைப்பது, தோட்டத்துக்குள்ளேயே சிறுதோட்டக்காரரை உண்டாக்கும் முறை. தொழிலாளிக்குத் தேயிலைப் பாத்தி பிரித்துக் கொடுக்கப்படும். புல் வெட்டிப் பசளை போட்டுக் கொழுந்து பறித்துக் கம்பனிக்கே கொடுக்க வேண்டும். உள்ளீட்டுச் செலவு கழிக்கப்படும். நாட்சம்பளம் கிடையாது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக 900 ரூபாவும் கொடுப்பனவு 100 ரூபாவும் சேர்ந்து 1000 ரூபா நாட்சம்பளம் வந்தபோது கம்பனிகள் தொழிற்சங்கங்களுடனான கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவானது. சம்பளம் சட்டத்தால் ஏற ஏற, சம்பளமே இல்லாத முறையின் மீதான ஆர்வம் வலுத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. விரும்பிய நேரத்தில் வேலை, உழைப்புக்கேற்ற வருவாய் என்ற கவர்ச்சி உண்மையானதுதான். நல்ல மாதத்தில் கூடுதலாகச் சம்பாதிக்கும் குடும்பம் உண்டு. ஆனால் நிலம் அவர்களுடையதல்ல, விலை அவர்கள் சொல்வதல்ல. வறட்சி மட்டும் அவர்களுடையது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் ‘தொழிலாளி’யை விரிவாகவே வரையறுக்கிறது. சேவை ஒப்பந்தக்காரர் மட்டுமன்றி, ஒரு வேலையைத் தானே நேரில் செய்துதர ஒப்புக்கொண்டவரும், வாய்மொழி ஒப்பந்தக்காரரும் அதற்குள் வருகிறார்கள். ‘தானே நேரில்’ என்பதில்தான் சிக்கல். பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் ஊபர் சாரதிகளைத் தொழிலாளர் என்றது. 2023 நவம்பரில் டெலிவரூ உணவு விநியோகிகளுக்கு அந்த வாசலைத் திறக்கவில்லை. தமக்குப் பதில் வேறொருவரை அனுப்ப அவர்களுக்கு உரிமை இருந்தது அதற்கு முக்கிய காரணம். பாத்தி வாங்கிய குடும்பத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். காலையில் தாய், பள்ளி விட்டு வந்த மகள், வேலை இல்லாத நாளில் தகப்பன் என்று யாரும் பறிக்கலாம். குடும்பம் முழுவதும் உழைப்பதே, அவர்களில் எவரும் தொழிலாளி இல்லை என்று வாதிடக் காரணமாகலாம். இந்த வாதம் நம் நீதிமன்றத்துக்கு வருமுன் சட்டமே தெளிவுபடுத்த வேண்டும். பாத்திக்காரருக்கும் சேமலாப நிதி, பணிக்கொடை, மகப்பேற்று உரிமை உண்டு என்று எழுத வேண்டும்.

இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் லயங்களிலிருந்து கொழும்புக்குப் போகும் இளைஞர்களில் உணவுப் பொதியும் பார்சலும் சுமந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் உண்டு. எரிபொருளும் தவணைக் காசும் அவர்கள் கணக்கில். தீபாவளிக்கு ஊர் வந்து அவர்கள் படுக்கும் காம்பரா, செக்ரோலில் இருக்கும் தாயின் பேரில்தான் இன்னும் நிற்கிறது.